வெட்டினால் நீலம்

முத்துக்குமார் செத்துப்போனதை ஊரே நம்பிவிட்டது. போலீஸ் நம்பியது, பத்திரிகை நம்பியது, கூடப்பிறந்த அண்ணன்காரன் மொட்டையே அடித்துக்கொண்டான். நம்பாதவன் ஒரே ஒருத்தன். அவன் இப்போது கலையரசியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எம் பேரு ஜெயசீலன் மேடம். ஆம்பூர்ல தோல் பதனிடுற டேனரில அவனும் நானும் ஒரே லேபு. தோஸ்த்துன்னா அப்படி ஒரு தோஸ்த்து. பாலாத்துல கெடச்சது அவன் இல்ல மேடம். எம் மனசு சொல்லுது."

"மனசு சொல்றதெல்லாம் கோர்ட்ல நிக்காது சார்," என்றார் ஆரோக்கியசாமி. "பேண்ட்டு, சட்டை, மச்சம், மோதிரம்னு வேற எதுனா சொல்லுதா?"

ஆரோக்கியசாமி அரசு பஸ்ஸில் வேலூர் திருப்பத்தூர் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கலையரசியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த பிறகும் வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

கலையரசி கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயசீலனின் அழுகை அவளுக்கு நாலு வீடு தள்ளிப் பாடுகிற ரேடியோ மாதிரிக் கேட்டது. போன ஆடியில் அவள் கணவர் ராகுல் பள்ளிகொண்டா பக்கத்தில் லாரி மோதி இறந்ததிலிருந்து எல்லாமே அப்படித்தான் கேட்கிறது. அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கம் வந்திருந்தால் அழுதிருப்பாள். ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளுக்குள் ஏதோ ஒரு இடம் மரத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது. வேலை மட்டும் நடந்தது. கண் பார்த்தது, காது கேட்டது, மூளை கணக்குப் போட்டது.

"எதை வெச்சு அவருன்னு முடிவு பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"ஷூவ வெச்சுத்தான் மேடம். மாதனூர் தாண்டி தடுப்பணைத் தண்ணில பாடி ஒதுங்கிச்சு. மொகம் இல்ல. ஆனா கால்ல வெள்ளை ஷூ இருந்திச்சு. முத்துக்குமார் எப்பவும் வெள்ளை ஷூதான் போடுவான். அவன் சம்சாரம் ஹரிணி வந்து பார்த்தா, ஆமான்னா, முடிஞ்சுபோச்சு." ஜெயசீலன் சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தோல் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். "ஆனா எல்லா வெள்ளையும் ஒண்ணு கெடையாது. முத்துக்குமார் அவனோட ஷூவுக்குத் தோல அவனே லேப்ல பதனிட்டான். குரோம் உப்பு போடாத தோலு. ஷூ தெச்சது போக மிச்சம் இருந்த துண்டு இது. ஞாபகமா எங்கிட்ட குடுத்தான். இத வெச்சு அந்த ஷூவோட ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா ஹரிணிகிட்ட கேளுங்க. நான் போய்க் கேட்டா தப்பாயிடும். நீங்க பொம்பள, உங்ககிட்ட சொல்லுவா."

"என்ன சொல்லுவா?"

ஜெயசீலன் ஒரு நொடி தடுமாறினான். "அவன் எங்க இருக்கான்னு, மேடம்."

அவன் படி இறங்கிப் போனதும் ஆரோக்கியசாமி மேஜையிலிருந்த டீ டம்ளரை எட்டிப் பார்த்தார். "மேடம், டீக்கடைக்காரன் இன்னிக்கு சர்க்கரை போட மறந்துட்டான். நான் ஒரு வாய் வெச்சுட்டு கீழ வெச்சிட்டேன். நீங்க முழுசா குடிச்சிருக்கீங்க."

"அப்படியா?" என்றாள் கலையரசி. அவளுக்குத் தெரியவில்லை.

*

மெர்சி வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை, கலையரசியின் பள்ளித் தோழி. ஆய்வகத்தில் மாணவிகள் யாரும் இல்லாத நேரம். ஜெயசீலன் கொடுத்த துண்டின் முனையை மெர்சி பிளேடால் நறுக்கி, வெட்டிய முகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"மேலயும் வெள்ளை, உள்ளயும் வெள்ளை. ரொட்டி மாதிரி இருக்கு. இது சிர்கோனியத்துல பதனிட்ட தோலா இருக்கும். இந்தப் பக்கத்து டேனரில ஜாஸ்தி பண்ண மாட்டாங்க. இங்க முக்காவாசி குரோம்தான்."

"குரோம் தோல்ல வெள்ளை ஷூ வராதா?"

"வரும். மேல வெள்ளைப் பூச்சு அடிச்சா வரும். ஆனா வெட்டினா உள்ள நீலம். வெட்டிக் காட்ட ஒரு துண்டு வேணுமே..."

கலையரசி தன் தோளில் தொங்கிய வெள்ளைக் கைப்பையைக் கழற்றினாள். வாரின் நுனியை மேஜையில் வைத்து, பிளேடை வாங்கி ஒரே இழுப்பில் அறுத்தாள். ஆரோக்கியசாமி "ஐயோ" என்று அவரையறியாமல் சொல்லிவிட்டார். அது ராகுல் வாங்கித் தந்த பை என்று அவருக்குத் தெரியும். கலையரசிக்கும் தெரியும். அவள் வெட்டிய முகத்தை மெர்சியிடம் நீட்டினாள். மேலே பால் வெள்ளை ஒரு மயிரிழை கனத்துக்கு. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் கலந்த நீலம்.

"பார்த்தியா?" என்றாள் மெர்சி.

"ரெண்டும் உலோகம்தானே டீச்சர்," என்றார் ஆரோக்கியசாமி. "ஒண்ணு மட்டும் நீலமா மாறுது, இன்னொண்ணு சும்மா இருக்குது. இன்னாத்துக்கு?"

மெர்சி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க கண்டக்டர்தானே? பஸ்ஸ வெச்சே சொல்றேன். இந்த உலோகத்துக்கெல்லாம் வெளிப்பக்கம் அஞ்சு சீட்டு இருக்குன்னு வெச்சுக்குங்க. உலோகம் தனியா இருந்தா அஞ்சும் ஒரே மட்டம். ஆனா தண்ணியோ தோலோட புரதமோ சுத்திலும் வந்து நெருக்கினா, அஞ்சும் ஒரே மட்டமா இருக்காது. குரோம்ல மூணு சீட்டு கீழ எறங்கும், ரெண்டு சீட்டு மேல ஏறும். குரோம்ல மூணு எலக்ட்ரான், மூணும் கீழ் சீட்டுல உக்காந்திருக்கும். மேல ரெண்டு சீட்டும் காலி."

"மேல போய் உக்காரணும்னு தோணும்."

"தோணும். ஆனா டிக்கெட் வேணும். வெளிச்சம்தான் டிக்கெட். சூரிய வெளிச்சத்துல எல்லா நிறமும் கலந்திருக்கு இல்லையா? தனக்கு வேண்டிய நிறத்த மட்டும் எடுத்துக்கிட்டு எலக்ட்ரான் மேல தாவிடும். மிச்ச நிறம் நம்ம கண்ணுக்கு வரும். குரோம் சிவப்புப் பக்கத்த ஜாஸ்தி எடுத்துக்கும். நமக்கு நீலமும் பச்சையும் மிஞ்சும்."

"சிர்கோனியம்?"

"அந்த பஸ்ல ஆளே இல்ல. தோல்ல போய் ஒட்டுறப்ப அதோட வெளி எலக்ட்ரான் எல்லாம் எறங்கிப் போயிருக்கும். தாவுறதுக்கு யாரும் இல்ல. வெளிச்சம் வந்தபடியே திரும்பிப் போகுது. அதனால வெள்ளை. உங்க பையில மேல பூசியிருக்கே, அது டைட்டானியம், அதுவும் காலி பஸ்தான்." மெர்சி அலமாரியிலிருந்து தண்ணீர்போலத் தெளிவான ஒரு குடுவையை எடுத்துக் காட்டினாள். "இது துத்தநாகம். இதுவும் நிறமில்ல. ஆனா இது காலி இல்ல. சீட்டுக்கு ரெண்டு பேர், அஞ்சு சீட்டுலயும் பத்து பேர். நகர எடமே கெடையாது."

"காலி பஸ்லயும் டிக்கெட் கிழிக்க முடியாது, ஃபுல்லான பஸ்ல புதுசாவும் கிழிக்க முடியாது," என்று ஆரோக்கியசாமி தீர்ப்புச் சொன்னார். "இத ஒரு வருஷம் பாடமா நடத்துறீங்களா டீச்சர்? பஸ் ஸ்டாண்டுல அரை நாள் நின்னா போதுமே."

"அவசரப்படாதீங்க. பெர்மாங்கனேட்டும் காலி பஸ்தான். ஆனா கண்ணைப் பறிக்கிற ஊதா. அங்க பக்கத்துல ஒட்டியிருக்கிற ஆக்சிஜன்லேர்ந்து எலக்ட்ரான் குதிச்சு உள்ள ஏறுது."

"வித்தவுட்டா?"

"அதுக்கும் டிக்கெட் உண்டு," என்று மெர்சி குடுவையை அலமாரியில் திருப்பி வைத்தாள். "எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. காலியா இருக்கிறதும் நிரம்பி இருக்கிறதும் வெளியிலேர்ந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ரெண்டுலயும் நிறம் இருக்காது. உள்ள போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

கலையரசி அறுத்த வாரை முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

*

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டும்வரை ஆரோக்கியசாமி வேண்டுமென்றே நிறுத்தாமல் பேசினார். ராகுல் விழுந்த இடம் கடந்து போனதும்தான் மூச்சு விட்டார். காரை ஓட்டிய கலையரசி அதைக் கவனித்தாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லுமளவுக்குத் தோன்றவில்லை.

"பேப்பர்ல இன்னொண்ணு போட்டிருந்தாங்க மேடம்," என்றார் அவர். "இந்த முத்துக்குமார் ஒரு கேஸ்ல சாட்சி. அவன் டேனரில கழிவுத் தொட்டிய சுத்தம் பண்ண ரெண்டு பேர எறக்கினாங்க. வெஷவாயு அடிச்சு ரெண்டு பேரும் அங்கயே போய்ட்டாங்க. 'எறக்காதீங்கன்னு நான் சொன்னேன், முதலாளி ராஜகோபால்தான் எறக்கச் சொன்னாரு'ன்னு இவன் வாக்குமூலம் குடுத்திருக்கான். கோர்ட்ல ஏறிச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி."

"ஜெயசீலன் அதப் பத்தி ஒரு வார்த்தை சொன்னானா?"

ஆரோக்கியசாமி யோசித்தார். "அழுதான், மூக்கு சிந்தினான், தோலு குரோம்னு பாடம் எடுத்தான். அத மட்டும் சொல்லல."

"உயிர் தோஸ்த்து காணாம போனா முதல்ல எத சொல்லுவான்?"

"யாருக்கு அவன் மேல ஆத்திரம்னு சொல்லுவான்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அவருக்கு அது புது அனுபவம்.

ஆம்பூர் பக்கத்துத் துத்திப்பட்டில் ஒரு வாடகை வீடு. ஹரிணி கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. யார், எதற்கு என்று கேட்டாள். சொன்னதும் உள்ளே வரச் சொல்லி வழிவிட்டாள். அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று கலையரசிக்குப் பட்டது. தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற முகம். அழுது முடித்த முகம் அல்ல, அழ ஆரம்பிக்காத முகம்.

"பிரேதத்தோட இருந்த ஷூவ போலீஸ் திருப்பிக் குடுத்துட்டாங்களாம்மா? பார்க்கலாமா?"

ஹரிணி அலமாரி மேலிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து தரையில் வைத்தாள். ஒரு ஜோடி வெள்ளை ஷூ. தண்ணீரில் ஊறிக் காய்ந்து விறைத்திருந்தது. ஒன்றின் ஓரம் பிய்ந்திருந்தது.

"ஒரு ஓரத்த வெட்டிப் பார்க்கணும். ஆட்சேபனை இல்லையே?"

"வெட்டிக்குங்க."

கலையரசி பிளேடை வைத்து இழுத்தாள். உள்ளே நீலம். அவளுடைய கைப்பை வாரில் பார்த்த அதே நீலம். ஆரோக்கியசாமி குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆனால் கலையரசி ஷூவைப் பார்க்கவில்லை, ஹரிணியைப் பார்த்தாள். ஹரிணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கம்மா வேலை பார்க்கிற?"

"ஷூ கம்பெனில."

"என்ன வேலை?"

"ஸ்கைவிங்."

"அப்படின்னா?" என்றார் ஆரோக்கியசாமி.

"தோல் துண்டோட ஓரத்த மெஷின்ல விட்டு மெல்லிசா சீவுவோம். அப்பத்தான் மடிச்சுத் தெக்க வரும்." மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"ஆக, நாள் பூரா தோலோட வெட்டு முகத்தத்தான் பார்க்கிற," என்றாள் கலையரசி. "உம் புருஷனோட கடைசி ஷூன்னு நீ சொன்ன ஷூவ உன் கண்ணு முன்னால வெட்டினேன். பழக்க தோஷத்துக்காவது கண்ணு அங்க போயிருக்கணும். போகல. ஏன்னா உள்ள என்ன இருக்குன்னு உனக்கு ஏற்கனவே தெரியும். பிணவறையிலயே தெரியும்."

ஹரிணி அசையவில்லை. கலையரசிக்கு மெர்சி சொன்ன காலி பஸ்ஸும் நிரம்பிய பஸ்ஸும் நினைவுக்கு வந்தன. இந்த முகமும் தன் முகமும் ஒன்று என்று நினைத்தது தப்பு. தன்னுடையதில் யாரும் இல்லை. இதில் இடமே இல்லை.

"அது முத்துக்குமார் இல்ல. இல்லையாம்மா?"

"உங்கள யாரு அனுப்பினது?" என்று கேட்டாள் ஹரிணி.

"அவரோட சிநேகிதர் ஜெயசீலன். லேப்ல கூட வேலை பார்த்தவராம்."

"அவரு லேப்ல ஜெயசீலன்னு யாரும் கெடையாது."

ஆரோக்கியசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கலையரசி கைப்பையைத் திறந்து அந்தத் தோல் துண்டை எடுத்தாள். ஷூ தைத்தது போக மிச்சம் என்று சொன்ன துண்டு. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்தாள். ஆய்வகத்தில் வெட்டிய முனையைத்தான் பார்த்தார்களே தவிர, நீளவாட்டு ஓரத்தை யாரும் பார்க்கவில்லை. இப்போது அந்த ஓரத்தில் வரிசையாகப் பொடிப் பொடியாய் வெளிச்சம் தெரிந்தது.

"ஆரோக்கியம், மிச்சம் விழுந்த துண்டுல தையல் ஓட்டை எப்படி வரும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஹரிணி எட்டி அந்தத் துண்டைப் பிடுங்கினாள். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினாள். ஒருமுறை, மறுமுறை. அவர்கள் அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

"இது நான் சீவின ஓரம்," என்றாள். "எங்க கல்யாணத்துக்கு அவரு தோல் பதனிட்டாரு. நான் கம்பெனில மேஸ்திரிகிட்ட கேட்டு, சாப்பாட்டு நேரத்துல ஓரம் சீவி நானே தெச்சேன். இது ஷூல லேஸுக்கு அடியில வர்ற நாக்கு. யாரு வெட்டினா இத?"

அவள் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். புடவைகளுக்குக் கீழே கையை விட்டு ஒரு வெள்ளை ஷூவை எடுத்து வந்தாள். ஒற்றை ஷூ. இடது கால்.

"வலது எங்க?" என்று கேட்டார் ஆரோக்கியசாமி. கேட்கும்போதே அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"அது தெரியாம இருந்திச்சு. இப்பத் தெரிஞ்சுபோச்சு."

ஹரிணி தரையில் உட்கார்ந்து சொன்னாள். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பாலாற்றுப் பாலத்துப் பக்கம் ஒரு கார் முத்துக்குமாரின் வண்டியை மறித்தது. முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் அவனை உள்ளே இழுத்தார்கள். ஒருத்தன் காலைப் பிடித்துக்கொண்டான். முத்துக்குமார் காலை உதறி ஷூவை அவன் கையில் விட்டுவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி வந்தான். வீட்டுக்கு வந்தபோது ஒரு காலில் ஷூ, ஒரு காலில் ரத்தம். அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டான். ஒன்றும் தெரியாத அவன் அண்ணன், தம்பியைக் காணோம் என்று போலீசில் எழுதிக் கொடுத்தான்.

"அப்புறம் ஒரு நாள் பாடி கெடச்சிருக்குன்னு கூப்பிட்டாங்க. துணிய வெலக்கினாங்க. மொகம் இல்ல. வெள்ளை ஷூ இருந்திச்சு, ஓரம் பிஞ்சு நீலம் தெரிஞ்சுது. அவரு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. 'இவருதானாம்மா'ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்." அவள் நிறுத்தினாள். "ஆமான்னு வந்துடுச்சு. செத்துட்டாருன்னா தேட மாட்டாங்கல்ல?"

அவள் அந்த ஒற்றை ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு உசுரோட இருக்கிறப்பவே எல்லாரும் சுத்தி நின்னு தாலிய எறக்கினாங்க அக்கா. எனக்கு ஒண்ணுமே தெரியல. கை நடுங்கல. கண்ணுல தண்ணி வரல. எல்லாரும் அதிர்ச்சின்னு நெனச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் எனக்கு எதுவும் தெரியல. அவரு இப்ப இருக்கிறது..."

"சொல்லாத," என்றாள் கலையரசி சட்டென்று. "எங்கன்னு எங்கிட்ட சொல்லாத. அதத் தெரிஞ்சுக்கத்தான் அந்த ஜெயசீலன் என்னை அனுப்பியிருக்கான். செத்தவன் கால்ல ரெண்டு ஷூவும் இருந்திச்சுன்னு பேப்பர்ல படிச்சப்பவே அது முத்துக்குமார் இல்லன்னு அவனுக்குத் தெரியும். உருவின ஷூ ஜெயசீலன் வீட்டுலல்ல இருக்கு. உன்ன மடக்க ஒரு அத்தாட்சி வேணும், வாயப் பிடுங்க ஒரு பொம்பள வேணும். அவ்வளவுதான்."

"வேட்டை நாய்க்கு மோப்பம் பிடிக்க துணி காட்டுற மாதிரி நமக்குத் தோல காட்டியிருக்கான்," என்றார் ஆரோக்கியசாமி. "எம் ஆயுசுல என்ன யாரும் இவ்வளவு மட்டமா பேசினதில்ல மேடம், இவன் பேசாமலே பேசிட்டான்."

கலையரசி போனை எடுத்து, பேச்சு வெளியே கேட்கும்படி வைத்தாள். ஆரோக்கியசாமி தன் போனில் பதிவை ஓடவிட்டார்.

"ஜெயசீலன்? ஷூவ பார்த்துட்டேன். வித்தியாசம் இருக்கிற மாதிரிதான் இருக்கு. ஆனா நீங்க குடுத்த துண்டு ரொம்பச் சின்னது. பரிசோதனைக்கு வெட்டி வெட்டித் தீர்ந்துபோச்சு. அந்தப் பொண்ணு முன்னால வெக்கணும்னா இன்னும் பெருசா ஒண்ணு வேணும். அதே தோலு. கெடைக்காதுல்ல?"

"கெடைக்கும் மேடம்," என்றது போன். குரலில் உற்சாகம் தெரிந்தது. "எங்கிட்ட இன்னும் இருக்கு. நாளைக்குக் காலைல ஆபீசுக்கே எடுத்தாறேன். அவ எதுனா சொன்னாளா? எங்க இருக்கான்னு?"

"துண்டு வரட்டும். சொல்லிடுவா."

ஹரிணி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கலையரசி போனை அணைத்துவிட்டு அடுத்து வேலூரில் ஒரு எண்ணைக் கூப்பிட்டாள். வழக்கறிஞர் அஜீஸுன்னிசா, தொட்டியில் இறந்த இரண்டு தொழிலாளர் குடும்பத்துக்கும் வாதாடுகிறவர்.

*

ஜெயசீலன் சொன்னபடி வந்தான். இந்தத் தடவை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக் கொண்டு வந்திருந்தான். மேஜைமேல் வைத்தான். ஆரோக்கியசாமி அதைத் தூக்கி, அதிலிருந்த ஆறு வட்ட ஓட்டைகள் வழியாக அவனைப் பார்த்தார்.

"மிச்சத் துண்டுன்னு சொன்னீங்களே சார். அந்த மாட்டுக்குப் பொறக்கும்போதே லேஸ் கட்டுற ஓட்டை இருந்திச்சா?"

ஜெயசீலன் கதவுப் பக்கம் திரும்பினான். கதவுக்கு வெளியே அஜீஸுன்னிசாவும், அவர் அழைத்து வந்திருந்த இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் நின்றிருந்தார்கள். ஹரிணி கொடுத்த இடது கால் ஷூ இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. வலது ஷூவின் மீதி, ஜெயசீலன் வந்த காரின் டிக்கியிலேயே கிடைத்தது. அவன் ராஜகோபாலின் கிடங்கு மேற்பார்வையாளன். பொழுது சாய்வதற்குள் முதலாளி பெயரைச் சொல்லிவிட்டான். முத்துக்குமாருக்குப் பாதுகாப்புக் கேட்டு அஜீஸுன்னிசா அன்றைக்கே மனுப் போட்டார்.

"ஜெயிச்சிட்டோம் மேடம்," என்றார் ஆரோக்கியசாமி.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு," என்றாள் கலையரசி. "முத்துக்குமார் இல்லன்னா, அது யாரு?"

ஹரிணி மாஜிஸ்திரேட் முன்னால் தன் பொய்யை ஒத்துக்கொண்டாள். என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன் என்றாள். காணாமல் போனவர்கள் பற்றி மாவட்டம் முழுக்க மறுபடி விசாரித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து செல்லம்மாள் என்ற பெண் வந்தாள். கூலி வேலை செய்கிறவள், நாற்பது வயது இருக்கலாம். அவள் கணவர் அருணகிரி மழைக்காலத்தில், பாலாற்றில் வெள்ளம் போன சமயம், ஆம்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. குடித்துவிட்டு எங்காவது கிடப்பான், வருவான் என்று போலீஸ் ஸ்டேஷனில் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அஜீஸுன்னிசாவின் அலுவலகத்தில் அவளுக்கு அந்த ஷூவைக் காட்டினார்கள். அவள் தொடவில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. "வேலூரு பிளாட்பாரத்துல வாங்கினாரு. எங்களுக்கு எதுக்கு வெள்ளை ஷூன்னு சத்தம் போட்டேன்," என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கலையரசிக்கு அந்த அமைதி தெரியும். அது எத்தனை மாதம் நீளும் என்றும் தெரியும்.

மூலையில் நின்ற ஹரிணி முன்னால் வந்தாள். அவள் கழுத்தில் தாலி திரும்பியிருந்தது. அதை முந்தானையால் மூடியிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர எம் புருஷன்னு சொன்னது நான்தான்," என்றாள். "என்ன அடிங்க. என்ன வேணா செய்யுங்க."

செல்லம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்ப யாரு எடுத்துப் போட்டது அவர?"

"நாங்கதான். நான்தான்."

"முறையாவா?"

"முறையாத்தான். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, மாலை போட்டு. பதினாறாம் நாள் காரியமும் பண்ணோம்."

"மேளம் வெச்சீங்களா?"

"வெச்சோம். தெரு முழுக்க வந்திச்சு."

செல்லம்மாள் தலையை ஆட்டினாள். கண் நிறைந்து வழிய ஆரம்பித்தது, அவள் துடைக்கவில்லை. "அநாதையாப் போயிருப்பாருன்னு நெனச்சேன்," என்றாள். "பஸ் ஸ்டாண்டுல, ஆஸ்பத்திரில எல்லாம் தேடினேன். அநாதைப் பொணமா எங்கயோ போட்டிருப்பாங்கன்னுதான் நெனச்சேன்."

ஹரிணி அவள் காலடியில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் அழுத சத்தம் அடுத்த அறையிலிருந்த குமாஸ்தாக்களைக் கதவுவரை இழுத்து வந்தது. பிணவறையில் அழாதது, தாலி இறக்கும்போது அழாதது, எல்லாம் சேர்ந்து வந்தது. செல்லம்மாள் அவள் தலைமேல் கையை வைத்தாள். எடுத்துவிடுவாளோ என்று கலையரசி பார்த்தாள். எடுக்கவில்லை.

"அவர பொதைச்ச எடத்த காட்டுறியாம்மா?" என்றாள் செல்லம்மாள்.

ஆரோக்கியசாமி எதுவும் சொல்லாமல் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார். இரண்டு பெண்களும் ஏறினார்கள். கலையரசி முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கட்டை விரல் தானாகவே, ராகுல் வாங்கித் தந்த பையின் வாரில் நீலம் தெரிந்த வெட்டைத் தடவியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டியை ஆம்பூர்ச் சாலையில் திருப்பினாள்.